கேடி கோவிந்தன் என்கிற கோவிந்தன்

தம்பி,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் அப்பா வழக்கம்போல எழுதியிருக்கிறார் என்று நீ இதை மடித்துப் பையில் போட்டுக்கொள்வாய். அதனால் நேராகவே வருகிறேன். நீ வேலூருக்குப் பயிற்சிக்குக் கிளம்பிய அன்று காலையில், இட்லியைப் பிட்டபடியே என்னிடம் ஒன்று கேட்டாய். "இருபது வருஷத்துக்கு மேல ஸ்டேஷன் ரைட்டரா இருந்தீங்களேப்பா, ஒருத்தன் எதனால திருடன் ஆவுறான்? உங்க அனுபவத்துல சொல்லுங்களேன்" என்றாய். பட்டணத்துக் காலேஜில் படித்ததையெல்லாம் நீயே வரிசையாகச் சொன்னாய். எவனோ ஒரு வெள்ளைக்காரன் கைதிகளின் மண்டையை அளந்து பார்த்து, திருட்டு பிறவியிலேயே வருகிறது என்று எழுதினானாம். அது தப்பு, வறுமைதான் காரணம் என்று இன்னொருவன் எழுதினானாம். சேர்க்கை என்று ஒருவன், குடியிருக்கும் இடம் என்று ஒருவன். நான் என்ன பதில் சொன்னேன்? "ஜல்தியா சாப்புடு, வண்டி போயிடும்" என்றேன். உன் அம்மாவுக்கே கோபம் வந்துவிட்டது. "புள்ள எவ்ளோ மரியாதையா கேக்குது, ஒரு வார்த்த சொன்னா இன்னாவாம்?" என்றாள். பதில் தெரியாமல் நான் மழுப்பவில்லை. எனக்குத் தெரிந்த பதில் ஒரு ஆள். அவன் பேரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னும் ஒரு வருஷத்தில் நீ சப்-இன்ஸ்பெக்டராக ஒரு ஸ்டேஷனில் உட்காரப்போகிறாய். தொப்பி வைத்துக்கொண்டு நீ எடுத்த போட்டோவை உன் அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் உன்னை அந்த நாற்காலியில் உட்காரவிட்டால் நான் மனுஷன் இல்லை. நேரில் சொல்லத் தைரியம் இல்லை. எழுதுவதுதானே என் தொழில், எழுதிவிடுகிறேன்.

திண்டிவனம் ஸ்டேஷனில் என் மேசை எங்கே இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் அம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டைக் கொண்டுவந்து அதன்மேல்தான் வைப்பாய். அந்த மேசைக்குப் பின்னால் இருந்த மர அலமாரியில்தான் கேடி ஷீட்டுகள் இருந்தன. இன்று தெருவில் சண்டை போடுகிற பொம்பளைகள்கூட 'போடா கேடி' என்று திட்டுகிறார்கள். அது தமிழ் வார்த்தை என்றே பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது எங்கள் அலமாரியிலிருந்து தெருவுக்குப் போன வார்த்தை. இங்கிலீஷில் 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது போலீசுக்குத் தெரிந்த திருடன். அதன் முதல் எழுத்து இரண்டையும் சேர்த்து கே.டி. என்று போடுவோம். ஒருத்தன் பேரில் ஷீட் திறந்துவிட்டால், அவன் எந்த ஊரில் படுக்கிறான், யாரோடு பேசுகிறான், என்ன சாப்பிடுகிறான் என்பது வரைக்கும் பீட் கான்ஸ்டபிள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல, நான் எழுதவேண்டும். பேருக்கு முன்னால் எப்போதும் அந்த இரண்டு எழுத்து இருக்கும். கே.டி. மாயவன், கே.டி. சடையன், கே.டி. ஏழுமலை.

அந்தக் காலத்தில் எங்கள் ஸ்டேஷனில் உன் காலேஜ் வாத்தியார்கள் அத்தனை பேரும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள். ஏட்டு ஒருவர் இருந்தார், ரத்தம்தான் காரணம் என்பார். "பாம்புக் குட்டிக்குக் கடிக்கறதுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தது?" என்று மீசையைத் தடவிக்கொள்வார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, சர்க்காரே அப்படித்தான் நம்பியது. சில சாதிகளில் பிறந்தவர்கள் அத்தனை பேரும், கிழவன் வரைக்கும், வந்து ரேகை வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று சட்டமே இருந்ததே. சப்-இன்ஸ்பெக்டர் சாராயம் என்பார். மல்லாட்டை மில் முதலாளி சோம்பேறித்தனம் என்பார். நான் யார் சொன்னாலும் ஆமாம் போடுவேன். எனக்கு என் கையெழுத்து அழகாக இருக்கவேண்டும், மேலே இருந்து வருகிறவர் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்து 'யார் எழுதியது?' என்று கேட்கவேண்டும், அவ்வளவுதான் ஆசை.

நீ மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த வருஷம் அந்த மல்லாட்டை மில்லில் ஒரு திருட்டு நடந்தது. கடலை உடைக்கிற மெஷினில் ஓடுகிற தோல் பெல்ட்டை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மெஷின் நின்றுபோனது, முதலாளி குதித்தார். மில்லில் வேலை செய்யும் ஆட்கள் பட்டியலை அனுப்பச் சொன்னோம். மில் குமாஸ்தா இங்கிலீஷ் படித்தவர், நாற்பது சொச்சம் பேரையும் இங்கிலீஷில் எழுதி அனுப்பினார். "ரைட்டர், இதுல பழைய ஆளு யாராச்சும் இருக்கானா பாரு" என்று சப்-இன்ஸ்பெக்டர் என் மேசையில் போட்டார். அன்று காலையிலிருந்து நான் வருஷாந்திர ரிஜிஸ்டரில் கேடி பேர்களாகவே நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். மில் பட்டியலில் முனியன், காத்தவராயன், கோவிந்தன் என்று மொட்டை மொட்டையாகப் பேர்கள் போய்க்கொண்டிருந்தன. முப்பதாவது பேராக 'கே.டி. கோவிந்தன்' என்று இருந்தது. மற்ற எந்தப் பேருக்கும் முன்னால் எழுத்து இல்லை. மில் குமாஸ்தாவே நமக்கு அடையாளம் காட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். எடுத்துப்போய்க் காட்டினேன். "பலே" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். ஒரு ஷீட் திறந்தேன். 'மில் பட்டியலின்படி முன்பே கே.டி. என்று தெரியவருகிறது. முந்தைய ஸ்டேஷன் விவரம் கேட்கப்படுகிறது' என்று முத்து முத்தாக எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். முந்தைய ஸ்டேஷன் எது என்று யாருக்கும் தெரியாததால் யாரிடமும் நாங்கள் கேட்கவே இல்லை.

கோவிந்தனுக்கு அப்போது இருபத்தைந்து வயது இருக்கும். கூட்டேரிப்பட்டுக்காரன். கல்யாணமாகி ஒரு வருஷம். மில்லில் மூட்டை தூக்குவான், ஓய்ந்த நேரத்தில் கிழிந்த சாக்கைத் தைப்பான். ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு வந்தபோது வேட்டியெல்லாம் மல்லாட்டைத் தோல் ஒட்டியிருந்தது. "நான் இன்னாங்க பண்ணேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். ஏட்டு அவன் பிடரியில் ஒன்று போட்டு, "நீ கேடிடா. அதான் எழுதிக்கீதே" என்றார். பெல்ட் வேறு ஒருவனிடம் கிடைத்தது. மூன்றாம் நாள் கோவிந்தனை விட்டுவிட்டோம். ஆளை விட்டோமே தவிர ஷீட்டை யார் விட்டார்கள்? அதற்கப்புறம் பீட் கான்ஸ்டபிள் வாரத்தில் நான்கு நாள் அவன் குடிசைக்குப் போனான். வேளைகெட்ட வேளையில் கதவைத் தட்டி, ஆள் பாயில் இருக்கிறானா என்று பார்த்துவிட்டு வந்தான். மில்லுக்கும் போய் "கேடி கோவிந்தன் வேலைக்கு வந்தானா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டான். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த முதலாளி, "உன்னால மில்லுக்குத்தான் பேஜாரு, வேற எடம் பாத்துக்க" என்று அனுப்பிவிட்டார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் அவன் பெண்டாட்டி பச்சையம்மாள் நம் வீட்டுக்கு வந்தாள். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். நான் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் நின்று உன் அம்மாவிடம் பேசியது எனக்கு நன்றாகக் கேட்டது. "ஐயாவ ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கம்மா. எங்க ஊட்டுக்காரரு முன்ன இன்னா திருடினாருன்னு ஸ்டேஷன்ல எழுதிக்கீதாம். கேட்டா, ஒண்ணுமே இல்லடின்னு தலயில அடிச்சிக்கினு அழுவுறாரு. ஒண்ணுமே பண்ணாமயா போலீசு எழுதும்? என்னாண்ட மறைக்கிறாரும்மா. இன்னாதான் பண்ணாருன்னு தெரிஞ்சிட்டா நான் மனச ஆத்திக்குவேன்" என்றாள். உன் அம்மா உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். "ஷீட் இருக்குது, அவ்ளோதான் தெரியும்னு சொல்லி அனுப்பு" என்றேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே அவ்வளவுதான் தெரியும். தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றவும் இல்லை, சோறு இறங்கியது.

அடுத்த மாதம் மில் குமாஸ்தா வேறு ஒரு வேலையாக ஸ்டேஷனுக்கு வந்தார். போகிற போக்கில், "ஏன் ரைட்டரே, கூட்டேரிப்பட்டு கோவிந்தன் நல்ல புள்ளையாச்சே, அவன ஏன் போட்டு வாட்டறீங்க?" என்று கேட்டார். "நல்லா கேட்டீங்க போங்க, கே.டி.ன்னு நீங்கதானே எழுதி அனுப்பினீங்க?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஐயையோ, அது இனிஷியலுங்க! எங்ககிட்ட ரெண்டு கோவிந்தன். கொழப்பம் வேணாம்னு இவனுக்கு மட்டும் ஊர் பேரும் அப்பன் பேரும் சேத்துப் போட்டேன். கூட்டேரிப்பட்டு, கே. அப்பன் பேரு தேசிங்கு, இங்கிலீஷ்ல டி" என்றார். சொல்லிவிட்டு இது என்ன வேடிக்கை என்கிற மாதிரி சிரிக்கவும் சிரித்தார். குடை பிடித்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கிப் போனபின்னும் நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. எனக்கு அந்த வருஷம் உத்தியோக உயர்வு வரவேண்டியிருந்தது. ஒரு வாரம் பொறுத்து, சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்த ஒரு காலையில் மெதுவாகச் சொன்னேன். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கையெழுத்துப் போட்டது நான். இப்ப பேர அடிச்சா, ஏன் அடிச்சேன்னு மேல கேப்பான். கேடிய இனிஷியலுன்னு சொல்லிக்கினு எவன் முன்னாடி போயி நிக்கறது? ஆறு மாசம் ஒழுங்கா இருந்தான்னு எழுதிக்கினு வா, வழக்கமா எடுக்கற மாதிரி எடுத்துடலாம்" என்றார். எனக்கு அது நல்ல யோசனையாகவே தோன்றியது. ஆறு மாதம்தானே, போகட்டும் என்று இருந்தேன்.

அந்த ஆறு மாதத்துக்குள்தான் நீ உன் பள்ளிக்கூடத்தில் பேனா எடுத்தாய். இதை இப்போது சொன்னால் உனக்குச் சுருக்கென்று இருக்கும், பொறுத்துக்கொள். உங்கள் வாத்தியார் மேசையிலிருந்த பச்சை மைப்பேனாவை எடுத்துக் கால்சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டாய். அது உனக்கு முதல் தடவையும் இல்லை, அதற்கு முன்னால் சிலேட்டுக் குச்சிகள், யாருடைய கோலிகளோ. தலைமை ஆசிரியர் வீட்டுக்கே வந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் கூச்சமாக இருந்தது. "விளையாட்டுப் புத்திங்க, வேற ஒண்ணுமில்ல. வயசு அப்படி" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு, பேனாவை வாங்கிக்கொண்டு போனார். நான் உன்னை இரண்டு அடி அடித்தேன். மறுநாள் அது முடிந்துபோனது. யாரும் அதை எழுதி வைக்கவில்லை. ரைட்டர் பையன் எடுத்தால் விளையாட்டு. மூட்டை தூக்குகிறவன் எடுக்காவிட்டாலும் கேடி. நீ போன வருஷம் தேர்வெழுதியபோது உன் நடத்தையைப் பற்றி விசாரிக்க இரண்டு பேர் நம் தெருவுக்கு வந்தார்களே, அவர்களிடம் எல்லாரும் தங்கமான பையன் என்றுதான் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை.

அங்கே கோவிந்தனுக்கு ஆறு மாதமும் ஒழுங்காகப் போகவில்லை. எங்கே வேலை கேட்டாலும் இரண்டாம் நாளே கான்ஸ்டபிள் போய் நின்றான். பெருமுக்கல் பக்கம் கல் உடைக்கப் போனான், கான்ஸ்டபிள் அங்கேயும் போனான். திருவக்கரையில் திருவிழா என்றால், கூட்டத்தில் கை வைத்துவிடுவார்கள் என்று முந்தின நாளே சுற்றுவட்டாரத்துக் கேடிகளையெல்லாம் கொண்டுவந்து ஸ்டேஷன் வராந்தாவில் உட்காரவைப்பது எங்கள் வழக்கம். கோவிந்தனும் அவர்களோடு உட்கார்ந்தான். முதல் தடவை மூலையில் தனியாக முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தான். நாலாவது ஐந்தாவது தடவை, சடையனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கொடுத்த புகையிலையை மென்றுகொண்டிருந்தான். ஊரில் ஒருத்தனும் அவனோடு பேசவில்லை, அவர்கள் பேசினார்கள். பூட்டுக்கு எந்தப் பக்கம் தட்டவேண்டும், சரக்கு வண்டி எந்த இடத்தில் மெதுவாகப் போகும் என்றெல்லாம் அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டான். நான் மூன்று கஜ தூரத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தேன், எனக்கே காதில் விழும். உன் புத்தகத்தில் சேர்க்கை என்று எழுதியிருப்பதாகச் சொன்னாயே, அந்தச் சேர்க்கையைக் கூட்டிக்கொண்டு வந்து பாய் விரித்து உட்காரவைத்தது யார் என்று அதில் எழுதியிருக்கிறதா?

யுத்தம் ஆரம்பித்த வருஷம் விழுப்புரம் ஜங்ஷனில் சரக்கு வண்டியிலிருந்து அரிசி மூட்டை இறக்கியபோது அவன் பிடிபட்டான். இந்தத் தடவை நிஜமாகவே திருடியிருந்தான். மூட்டை தோளில் இருந்தது. பழைய கேடி என்று ஷீட்டைக் காட்டியதால் தண்டனையும் கூடுதலாகக் கிடைத்தது. செய்தி திண்டிவனம் ஸ்டேஷனுக்கு வந்தபோது அதே சப்-இன்ஸ்பெக்டர் மாற்றலாகிப் போக இருந்தார். என் தோளைத் தட்டி, "பாத்தியா ரைட்டர், இனிஷியல் கினிஷியல்னு நீ பொலம்பினியே? உன் கையி தப்பா எழுதல" என்றார். தம்பி, என் உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இது ஒன்றுதான் எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது.

அதற்கப்புறம் நான் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைக்காதே. வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் தனியாகச் சொல்லிப் பார்த்தேன். ஒருவர் ஷீட்டைக் கொண்டுவரச் சொல்லிப் புரட்டினார். "முதல் வரி தப்புன்னே வச்சிக்குவம். மிச்சதெல்லாம் நெஜந்தானே? ஜங்ஷன் கேஸு நெஜம், அதுக்கடுத்த கேஸு நெஜம். முதல் வரிய அடிச்சிட்டா மட்டும் இவன் யோக்கியன் ஆயிடுவானா?" என்று கேட்டார். நானும் எத்தனையோ நாள் உட்கார்ந்து யோசித்துவிட்டு, ஒரு பெட்டிஷன் எழுதி மேலே அனுப்பினேன். 'சம்பந்தப்பட்ட நபர் மூன்று முறை தண்டனை பெற்றவர், எனவே பரிசீலிக்க இடமில்லை' என்று திரும்பி வந்தது. அந்தப் பதிலையும் நானே ஷீட்டில் ஒட்டினேன். இப்போது சுயராஜ்யம் வந்துவிட்டது. ரேகைச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வம்சம் வம்சமாக ரேகை வைத்தவர்கள் இனி வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, நல்லது. ஆனால் கோவிந்தன் அந்தச் சட்டத்தில் இல்லையே. சட்டம் போட்டு எழுதிய பேரைச் சட்டத்தால் எடுக்கலாம். கண் தவறி எழுதிய பேரை எடுக்க எந்தச் சட்டத்தைப் போய்க் கேட்பது?

உனக்குப் புத்தி சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். எழுத எழுத எனக்கே சிரிப்பாக இருக்கிறது, நான் என்னடா உனக்குப் புத்தி சொல்வது? ஷீட் திறக்காதே என்று சொல்ல முடியாது, திறக்காவிட்டால் உன்னை வேலையில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். திருடனே இல்லை, எல்லாம் சமூகம்தான் என்றும் சொல்ல மாட்டேன். அரிசி மூட்டையைப் பறிகொடுத்தவனும் வயிற்றில் அடித்துக்கொண்டுதான் அழுதான். ஒன்றே ஒன்று சொல்கிறேன். 'நான் இன்னாங்க பண்ணேன்?' என்று ஒருவன் உன் மேசைக்கு முன்னால் நின்று கேட்டால், ரைட்டரைப் பார்த்து 'எழுதியிருக்குதா?' என்று கேட்காதே. எழுதியவனும் என்னைப் போல ஒருவன்தான். இதையாவது செய்வாயா என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு வருஷம் ஆனபின் என்னவாக இருப்பாய் என்று யாருக்குத் தெரியும்? நானும் நல்லவனாகத்தான் உள்ளே போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் போய் வந்தேன். உன் அம்மாவிடம் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். கோவிந்தன் இப்போது அங்கே ரயில்வே கேட்டுக்கு அந்தாண்டை ஒரு குடிசையில் இருக்கிறான். மண்டியில் கொடுக்கிற கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கொடுக்கிறான். நாற்பது வயதுக்கு அறுபது மாதிரி இருக்கிறான், முன்பல் இரண்டு இல்லை. என்னைக் கண்டதும் பதறிப்போய் எழுந்தான். "நான் ஒண்ணும் பண்லீங்க, ரெண்டு வருஷமா சாக்குதான் தெக்கிறேன்" என்றான். "உக்காருப்பா, நான் ரிட்டயர் ஆயிட்டேன்" என்றேன். அப்புறமும் நின்றுகொண்டேதான் இருந்தான். நான் கீழே உட்கார்ந்தபிறகுதான் உட்கார்ந்தான். பச்சையம்மாள் போன தை மாதம் காய்ச்சலில் செத்துப்போய்விட்டாள் என்று சொன்னான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். மில் பட்டியல், குமாஸ்தா, இரண்டு கோவிந்தன், ஊருக்கு ஒரு எழுத்து, அப்பனுக்கு ஒரு எழுத்து. அவன் சாக்கு தைப்பதை நிறுத்தவே இல்லை. கோணி ஊசி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. "எங்கப்பன் பேராங்க அது?" என்றான். "ஆமாம்பா. தேசிங்கு. அதான் டி." மறுபடியும், "எங்கப்பன் பேரா?" என்றான். நான் தலையை ஆட்டினேன். என்னைத் திட்டுவான், அடித்தாலும் அடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். அவனோ சாக்கைப் பார்த்தபடியே பேசினான்.

"பச்சையம்மாகிட்ட எத்தினியோ சத்தியம் பண்ணேங்க. கற்பூரத்த அணச்சிகூட சத்தியம் பண்ணேன். அவ நம்பல. போலீசு சும்மா எழுதாதுய்யான்னுவா. சாவறதுக்கு முந்தின நாளு என் கையப் புடிச்சிக்கினு, இப்பவாவது சொல்லிடுய்யா, மொதமொதல்ல இன்னா பண்ணே, நான் திட்டமாட்டேன்னு கேட்டா. போற உசிர எதுக்குப் படுத்தணும்னு, ஆமாண்டி, சின்ன வயசுல ஒரு ஆட்ட ஓட்டிக்கினு போயிட்டேன்னு சொல்லிட்டேங்க. இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நானும் நிம்மதியா இருந்திருப்பேனேன்னு சொன்னா. அப்பறம் நல்லாத் தூங்கினா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் அழவில்லை. "மணி இன்னாங்க ஆவுது?" என்று கேட்டான். நாலரை என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குள் ஸ்டேஷனில் ஆஜர் கொடுக்கவேண்டும், நேரம் தவறினால் கூட்டிக்கொண்டு போக ஆள் வரும். ஊசியைக் கூரையில் செருகிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். "நீங்களும் வாங்களேங்க. அங்க கீற ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்றான். இவ்வளவுக்கும் பிறகு அவன் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். போனேன்.

ஸ்டேஷனில் புது ரைட்டர், உன் வயதுதான் இருக்கும். மேசைமேல் ஆஜர் புத்தகம் திறந்து கிடந்தது. நிமிர்ந்து பார்க்காமலே "பேரு?" என்றான். கோவிந்தன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் இதுவரை கேட்டிராத ஒரு குரலில், நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "கூட்டேரிப்பட்டு தேசிங்கு மகன் கோவிந்தன்." ரைட்டர் எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். நல்ல கையெழுத்து. 'கே.டி. கோவிந்தன்' என்று எழுதியிருந்தான். "தம்பி, அது வந்து..." என்று ஆரம்பித்தேன். "எழுதறப்ப பேசாதீங்க பெரியவரே" என்றான். கோவிந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான், சரியாக எழுதிவிட்டானா என்று கேட்கிற பார்வை. அவனுக்குப் படிக்கத் தெரியாது. நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவன் கட்டை விரலை மையில் தோய்த்து அந்தப் பேருக்கு நேராக அழுத்தி வைத்தான்.

அப்பா